மிக்ஸரும் டேப்லெட்டும்: ஒலி செல்லும் பாதையும் திரும்பும் பாதையும்

பாட்டைப் பதிவு செய்யவும், பதிந்ததன்மேல் வேறு வாத்தியங்களை அடுக்கவும், அடுக்கியதைச் செப்பனிட்டு வெளியிடவும் வேண்டிய கருவிகள் யாவும் ஒரு கண்ணாடிப் பலகைக்குள் அடங்கிவிட்ட பிறகு, திருகுகளும் ஃபேடர்களும் நிறைந்த மிக்ஸர் என்னும் பழைய சாதனம் மேஜையில் எதற்காக இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கவேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. 2011-ஆம் ஆண்டில் கராஜ்பேண்ட் என்னும் பதிவுச் செயலி ஐபேடுக்கு வந்தது; மறு ஆண்டில் க்யூபேஸிஸ் வந்தது; 2023-இல் லாஜிக் ப்ரோவும் வந்து சேர்ந்தது. இவை ஒவ்வொன்றிலும் திரைக்குள்ளேயே ஒரு மிக்ஸர் உண்டு. ஆனால் அந்த மிக்ஸரின் அதிகாரம் ஒலி உள்ளே வந்து எண்களாக மாறிய பின்னரே தொடங்குகிறது என்பதையும், மைக்கிலிருந்து புறப்பட்ட ஒலி அதுவரை கடந்துவரும் தூரத்தில் நேர்ந்துவிட்ட பிழை எதையும் அதனால் முற்றிலும் சரிசெய்ய இயலாது என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மைக்கில் உண்டாகும் மின்னழுத்தம் பெரும்பாலும் சில மில்லிவோல்ட் அளவுதான். அதைப் பதிவுக்குரிய பலத்துக்கு உயர்த்தும் முன்பெருக்கி, கண்டென்ஸர் மைக் இயங்குவதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம், பாடுகிறவர் தம் குரலைத் தாமதமின்றித் தம் காதில் கேட்டுக்கொள்ளும் வசதி, வாத்தியத்துக்கு வாத்தியம் கம்பியைப் பிடுங்கிச் செருகாமல் அனைத்தையும் நிலையாக இணைத்து வைத்திருக்கும் சௌகரியம் ஆகிய இந்நான்கையும் மிக்ஸர் ஒருங்கே தருகிறது. ஒருவர் ஒரே மைக்கில் பாடி, மற்ற வாத்தியங்களையெல்லாம் டேப்லெட்டுக்குள்ளேயே வாசித்துக்கொள்வதானால், இரண்டு துளையுள்ள சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றே அவருக்குப் போதுமானது. அவர் மிக்ஸருக்காகச் செலவு செய்யவேண்டியதில்லை என்பதே என் அபிப்பிராயம். பாட்டும் மிருதங்கமும், அல்லது கிதாரும் கீபோர்டும் குரலும் என்று பல ஒலிகள் ஒரே அறையில் கூடுகின்ற இடத்தில்தான் மிக்ஸரின் பிரயோஜனம் தெரியவரும்.

டேப்லெட்டைத் தொடுதிரையாக மட்டும் கொண்டு இயங்கும் டிஜிட்டல் மிக்ஸர்கள் வேறு இனம். மாக்கி நிறுவனம் 2012-இல் வெளியிட்ட டி.எல். 1608 அவ்வகையைச் சேர்ந்தது; அங்கே ஐபேட் முக்கியமாக மிக்ஸரை ஆட்டுவிக்கும் பலகை. இங்கே நாம் எடுத்துக்கொண்ட விஷயமோ, டேப்லெட்டே பதிவுக்கூடமாக இருக்க, மிக்ஸர் அதன் வாசலாக நிற்கும் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் இறங்குகிறவர், எந்தத் திருகையும் தொடுவதற்கு முன், ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கோடுகள் வரைந்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். மைக்கிலிருந்து மிக்ஸர் வழியாக டேப்லெட்டுக்குள் ஒலி செல்லும் பாதை ஒரு கோடு. முன்னமே பதிந்த ஒலி டேப்லெட்டிலிருந்து மிக்ஸர் வழியாக ஹெட்போனுக்குத் திரும்பும் பாதை மற்றொரு கோடு. இவ்விரண்டு கோடுகளும் மிக்ஸர் என்ற ஒரே பெட்டிக்குள் நுழைந்து வெளிவருகின்றன. நுழைந்த இடத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காப்பதே இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் நுட்பங்களுக்கெல்லாம் ஆதாரம்.

முதலில் இணைப்பு. ஹெட்போன் துளையுள்ள பழைய டேப்லெட்டுகளை அதன் வழியாகவே மிக்ஸருடன் இணைப்பவர் இன்றும் உண்டு. அப்படிச் செய்பவர் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். டேப்லெட்டின் ஸ்டீரியோ வெளியீட்டை, இரு முனையும் ஸ்டீரியோ பின்னாக உள்ள கம்பியால் மிக்ஸரின் ஒற்றைத் துளையில் செருகினால், சமநிலை இணைப்பை எதிர்பார்த்து அமைக்கப்பட்ட அந்தத் துளை, இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டுமே உள்ளே அனுப்பும்; இரு பக்கத்திலும் சமமாக இருக்கும் ஒலி அந்தக் கழித்தலில் மறைந்துபோகும். பாடகரின் குரல் பெரும்பாலும் நடுவிலேயே வைக்கப்படுவதாகையால், பக்கவாத்தியங்கள் கேட்க, பாட்டு மட்டும் காணாமற்போன விசித்திரம் நேரிடும். ஒரு முனையில் சிறிய ஸ்டீரியோ பின்னும், மறுமுனையில் இரண்டு தனித்தனி மோனோ பின்களும் கொண்ட கிளைக்கம்பியை வாங்கி, இடமும் வலமுமாக இரு சேனல்களில் செருகுவதே முறை.

யு.எஸ்.பி. துளையுள்ள மிக்ஸரானால் இந்தச் சங்கடம் இல்லை. ஐபேடில் கணினியைப்போல் டிரைவர் மென்பொருளை நாமே நிறுவிக்கொள்ளும் வழக்கம் இல்லையாதலால், தனி டிரைவர் இன்றியே இயங்கும் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ வகையைச் சேர்ந்த மிக்ஸர்தானா என்பதைக் கடையிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். யு.எஸ்.பி.-சி துளையுள்ள ஐபேடுக்கு ஒரு கம்பி போதும். லைட்னிங் துளையுள்ளதற்குக் கேமரா அடாப்டர் வேண்டும். அதிலும் சார்ஜருக்கென்று இரண்டாவது துளை உள்ளதையே வாங்குவது விவேகம், ஏனெனில் அது இல்லாவிட்டால் நீண்ட பதிவின் நடுவே டேப்லெட் மின்சாரமின்றி அணைந்துவிடக்கூடும். மிக்ஸர் தன் மின்சாரத்தைச் சுவரிலிருந்து பெறுவதாக இருக்கட்டும். டேப்லெட்டிடமிருந்தே மின்சாரத்தை உறிஞ்சும் சிறிய மிக்ஸரானால், தனி மின்சாரமுள்ள யு.எஸ்.பி. ஹப் ஒன்றை இடையில் வைக்கவேண்டும். யமஹாவின் ஏ.ஜி. 03, ஏ.ஜி. 06 போன்றவற்றில் இதற்கென்றே தனி மின்துளை அமைந்திருக்கிறது. ஆண்ட்ராய்ட் டேப்லெட்டுகளும் 2014-இல் வந்த 5.0 பதிப்பு முதல் யு.எஸ்.பி. ஒலியை ஏற்கின்றன, ஆனால் தாமதத்தின் அளவு கருவிக்குக் கருவி பெரிதும் மாறுபடுவதால், கையில் உள்ள கருவியிலேயே சோதித்துப் பார்த்துத் தெளிய வேண்டும்.

மிக்ஸரும் செயலியும் ஒரே மாதிரியெடுப்பு வேகத்தில், அதாவது வினாடிக்கு ஒலியை எத்தனை மாதிரிகளாக எடுப்பது என்ற அளவில், ஒத்து இயங்குகின்றனவா என்பதையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நலம். ஒன்று 44.1 கிலோஹெர்ட்ஸிலும் மற்றது 48 கிலோஹெர்ட்ஸிலும் நின்றால் வெடிப்பொலிகள் எழலாம், 44.1-இல் பதிந்ததை 48 என்று தவறாகக் கருதி ஒலிக்கச் செய்யும்போது சுருதி ஏறத்தாழ ஒன்றரைச் சுரஸ்தானம் உயர்ந்து, காலப்பிரமாணமும் விரைந்துவிடும். படக்காட்சியோடு சேரவேண்டிய பாட்டானால் 48-ஐயே வைத்துக்கொள்ளலாம்.

இனி, மிக்ஸர் வாங்குகிறவர்கள் அதிகமாக ஏமாற்றம் அடைகின்ற இடத்துக்கு வருவோம். மிக்ஸரின் முகத்தில் எத்தனை துளைகள் இருக்கின்றன என்பதும், அவற்றில் எத்தனை ஒலிகள் தனித்தனியாக டேப்லெட்டை அடைகின்றன என்பதும் இரு வேறு விஷயங்கள். யமஹா எம்.ஜி. 10 எக்ஸ்.யு. பத்துச் சேனல் மிக்ஸர்; ஆயினும் யு.எஸ்.பி. வழியாக அது அனுப்புவது இரண்டே சேனல்கள், அதாவது எல்லாம் கலந்து முடிந்த ஸ்டீரியோ ஒலி. நான்கு மைக்குகளைச் செருகி நான்கு பேர் வாசித்தாலும், டேப்லெட்டில் வந்து விழுவது ஒரே கலவை. மறுநாள் கேட்கும்போது மிருதங்கம் தூக்கலாக இருக்கிறதென்று தோன்றினால், குரலைச் சிறிதும் பாதிக்காமல் அதை மட்டும் குறைப்பது கடினம். டாஸ்கம் மாடல் 12 போன்ற பலசேனல் மிக்ஸரோ பன்னிரண்டு சேனல்களைத் தனித்தனியே அனுப்பி, பத்துச் சேனல்களைத் திரும்பப் பெறுகிறது. விலை கூடுதல்தான். ஆனால் ஒரு குழுவாக அமர்ந்து வாசித்து, பிறகு நிதானமாகக் கலவை செய்ய விரும்புகிறவர், துளைகளின் எண்ணிக்கையில் மயங்கி இரண்டு சேனல் மிக்ஸரை வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துவதைவிட, சற்றுக் காத்திருந்து பலசேனல் மிக்ஸரை வாங்குவதே சிக்கனம்.

இரண்டு சேனல் மிக்ஸர் கையில் இருப்பவர் மனம் தளரவேண்டியதில்லை. ஒரு பாடகரும் ஒரு மிருதங்க வித்வானும் அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒலியை இடமோ வலமோ நகர்த்தும் பேன் திருகைக் குரலுக்குரிய சேனலில் முற்றிலும் இடப்பக்கமும், மிருதங்கத்துக்குரிய சேனலில் முற்றிலும் வலப்பக்கமும் திருப்பிவிட்டு, செயலியில் ஸ்டீரியோ ட்ராக் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மோனோ ட்ராக்குகளைத் திறந்து, ஒன்றுக்கு முதல் உள்ளீட்டையும் மற்றதற்கு இரண்டாவது உள்ளீட்டையும் தேர்ந்தால், ஸ்டீரியோவின் இரு பக்கங்களும் இரண்டு தனிப் பாதைகளாகிவிடும். பதிந்தபின் செயலிக்குள் இரண்டையும் நடுவில் வைத்து, அவரவர் அளவைத் தனியே திருத்திக்கொள்ளலாம். மின்சாரத்தில் பிரித்தோமே தவிரக் காற்றில் பிரிக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்: குரல் மைக்கில் மிருதங்கமும், மிருதங்க மைக்கில் குரலும் ஓரளவு விழத்தான் செய்யும். மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவருவதும், அதன் பின்புறம் மிருதங்கத்தை நோக்கும்படி திருப்பி வைப்பதும் எந்தத் திருகையும்விட அதிகப் பலன் தரும். மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக் வைக்கவேண்டுமென்று விரும்பினால், முதலில் மிருதங்கத்தை மட்டும் இரு சேனல்களிலும் பதிந்துகொண்டு, குரலைப் பிறகு சேர்க்கவேண்டும். அல்லது மிருதங்கத்தின் இரு மைக்குகளையும் மிக்ஸரிலேயே கலந்து ஒரு பக்கத்துக்கு அனுப்பிவிட வேண்டும். இரண்டாவது வழியில் தொப்பிக்கும் வலந்தலைக்கும் உள்ள பொருத்தம் அப்போதே நிச்சயமாகிவிடுவதால், வித்வானையே ஹெட்போனில் கேட்கச் சொல்லி அவர் சம்மதம் பெற்றபின் பதிவைத் தொடங்குவது மரியாதையும் ஆகும், பாதுகாப்பும் ஆகும்.

மேலே சொன்ன இரு கோடுகள் கலந்துவிடும் ஆபத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும்போதுதான் தலைகாட்டுகிறது. டேப்லெட்டில் உள்ள மிருதங்கம் யு.எஸ்.பி. வழியே மிக்ஸருக்குத் திரும்பி வருகிறது. அதைக் கேட்டுக்கொண்டு பாடகர் பாடுகிறார். திரும்பி வந்த ஒலி மிக்ஸரின் பிரதான வெளியீட்டில் சேர்ந்துவிட்டால், அந்த வெளியீடே மறுபடியும் டேப்லெட்டுக்குச் செல்வதாகையால், புதிய குரல் ட்ராக்கில் குரலோடு மிருதங்கமும் இன்னொரு முறை பதிவாகிவிடும். செயலியின் மானிட்டர் வசதியும் திறந்திருந்தால், சென்றது திரும்ப, திரும்பியது செல்ல, ஒலி தன்மேல் தானே ஏறிக் காதைப் பிளக்கும் ஊளையாக முடியும். இதைத் தவிர்க்க, யு.எஸ்.பி.-யிலிருந்து திரும்பும் ஒலியைப் பிரதான வெளியீட்டுக்கு அனுப்பாமல் ஹெட்போனுக்கும் மானிட்டருக்கும் மட்டுமே அனுப்பும் சுவிட்சு மிக்ஸரில் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்து, அதை அந்த நிலையிலேயே வைத்துவிட வேண்டும். யமஹா ஏ.ஜி. வரிசையில் இதற்கு மூன்று நிலைகள் உண்டு: ‘டிரை’ என்பது முதல் இரு சேனல்களின் ஒலியை மட்டும் அனுப்பும்; ‘இன்புட் மிக்ஸ்’ என்பது உள்ளே செருகிய எல்லாவற்றையும் கலந்து அனுப்பும்; ‘லூப்பேக்’ என்பது டேப்லெட்டிலிருந்து வந்ததையும் சேர்த்துத் திருப்பி அனுப்பும். கடைசி நிலை நேரலை ஒளிபரப்புக்காக ஏற்பட்டது. பாட்டுப் பதிவில் அதை நாடக்கூடாது.

கோடுகள் கலந்திருக்கின்றனவா என்று அறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. செயலியின் மானிட்டரையும் மைக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, செயலியில் புதிய ட்ராக் ஒன்றைப் பதிவுக்குத் தயாராக வைத்து, பழைய ட்ராக்கை ஒலிக்கச் செய்து, புதிய ட்ராக்கின் அளவுமானியைக் கவனிக்க வேண்டும். முள் அசையாமல் கிடந்தால் பாதை சுத்தம். அசைந்தால், எங்கோ திரும்பும் ஒலி செல்லும் பாதையில் கலக்கிறது என்பது நிச்சயம். அதைக் கண்டு அடைக்காமல் பதிவைத் தொடங்கலாகாது. மிக்ஸரின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் இந்தப் பரீட்சையைத் தவறாமல் செய்வது, பின்னர் மணிக்கணக்கில் வீணாகும் உழைப்பை மிச்சப்படுத்தும்.

தாமதம் என்பது அடுத்த விஷயம். டேப்லெட் ஒலியைச் சிறு சிறு பொட்டலங்களாக வாங்கி வேலை செய்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 256 மாதிரிகள் கொண்ட ஒரு பொட்டலம் நிரம்புவதற்கு 5.3 மில்லிவினாடி ஆகும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் ஆறடி தூரம் போய்விடும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, இடையில் உருமாற்றத்துக்குச் சிறிது என்று கூட்டினால், பாடகர் தம் குரலைப் பத்து மில்லிவினாடிக்கும் அதிகமான தாமதத்தில் கேட்கிறார். இசைப்பயிற்சி மிக்கவரின் காதுக்கு இது உடனே உறுத்தும். மிக்ஸர் இருப்பவர் இந்தத் துன்பத்தை அனுபவிக்கவேண்டிய அவசியமே இல்லை: செயலியில் மானிட்டரை அணைத்துவிட்டு, குரலை மிக்ஸரிலிருந்தே நேரடியாகக் கேட்கச் செய்தால் தாமதம் உணரமுடியாத அளவுக்குப் போய்விடும். இரண்டையும் ஒருசேரத் திறந்து வைப்பதுதான் தவறு. நேரே வரும் குரலும் தாமதித்து வரும் குரலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோன்ற வெறுமையான நாதத்தை உண்டாக்கும்.

எதிரொலி சிறிதும் இல்லாத வறண்ட குரலைக் கேட்டுக்கொண்டு பாடுவது பலருக்குக் கடினம். மிக்ஸருக்குள்ளேயே இருக்கும் ரிவர்ப் திருகை ஏற்றிவிடுவது அவர்களுக்கு இயல்பாகத் தோன்றும். இரண்டு சேனல் மிக்ஸர்களில் பெரும்பாலும் அந்த ரிவர்ப் பிரதான வெளியீட்டிலேயே கலந்து பதிவாகிவிடும். பதிந்த ரிவர்ப்பைப் பின்னால் முற்றிலும் நீக்கவியலாது. ஆகையால் குரலை வறட்சியாகவே பதிந்து, பாடகரின் காதுக்கு மட்டும் ரிவர்ப்பைச் செயலியிலிருந்து கொடுக்கலாம்: செயலியின் ரிவர்ப்பில் மூல ஒலியின் அளவைப் பூஜ்யமாக்கி, எதிரொலியை மட்டும் நூறு சதவீதமாக வைத்து மானிட்டரைத் திறந்தால், நேர்க்குரல் மிக்ஸரிலிருந்தும் எதிரொலி டேப்லெட்டிலிருந்தும் வரும். எதிரொலி இயற்கையிலேயே சற்றுப் பிந்தி வருவதாகையால் பத்து மில்லிவினாடித் தாமதம் அதில் குறையாகத் தெரியாது. கிதாரைச் செயலிக்குள் உள்ள ஆம்ப்ளிஃபயர் வழியாகவே வாசிப்பவர் மட்டும் இதற்கு நேர்மாறாக, மிக்ஸரின் நேர் ஒலியை அடைத்துவிட்டு, பொட்டலத்தை 64 அல்லது 128 மாதிரிகளாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒலியின் அளவை நிர்ணயிப்பதில் வரிசை முக்கியம். ஃபேடரை 0 என்று குறித்த இடத்தில் நிறுத்தி, முன்பெருக்கியின் பலத்தை நிர்ணயிக்கும் கெயின் திருகை அடியோடு இறக்கி, கண்டென்ஸர் மைக்கானால் வெளியீடுகளையெல்லாம் தாழ்த்திய பிறகே 48 வோல்ட்டைத் திறந்து, பின்பு பாடகரைப் பல்லவியின் முதலடியை அல்ல, அவர் மேல்ஸ்தாயியில் முழுத் தொனியோடு சஞ்சரிக்கும் இடத்தைப் பாடச் சொல்லி, கெயினை மெல்ல ஏற்றவேண்டும். செயலியின் அளவுமானியில் உச்சம் −12 டெசிபெல் அளவில் நின்றால் போதும். 24 பிட் பதிவில் அடிநிலை இரைச்சல் மிகத் தாழ்வாக இருப்பதால், 0-ஐத் தொடும்வரை ஏற்றவேண்டும் என்ற பழைய ஆசைக்கு இடமில்லை. ஆனால் முன்பெருக்கியிலேயே சிதைந்துவிட்ட ஒலியை ஃபேடரைத் தாழ்த்திச் சீராக்கவும் இயலாது. சேனலின் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னினாலும் கெயினைக் குறைத்துவிட்டு மறுபடி பாடச் சொல்வதே நேர்மையான வழி. எண்பது அல்லது நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தான் குரலுக்கு நன்மை செய்யும். தொப்பியின் கும்காரத்துக்கு அதுவே பகை. மற்ற டோன் திருகுகளை நடுவிலேயே விட்டுவைப்பது உத்தமம், ஏனெனில் இரண்டு சேனல் மிக்ஸரில் அவற்றின் விளைவும் அழியாமல் பதிவாகிவிடுகிறது.

உறுமல் ஒலி ஒன்று விடாமல் கேட்டால், முதலில் டேப்லெட்டின் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கவேண்டும். ஒலி நின்றுவிட்டால், மிக்ஸருக்கும் சார்ஜருக்கும் இடையே எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்ந்து ஏற்பட்ட தரைச்சுற்றே பெரும்பாலும் காரணம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் உறுமலும் அந்த அளவிலோ அதன் மடங்கிலோ கேட்கும். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் செருகுவது, வாத்தியத்திலிருந்து வரும் நீளமான கம்பிகளுக்கு வாத்திய ஒலியைச் சமநிலை ஒலியாக மாற்றும் டி.ஐ. பெட்டியும் சமநிலைக் கம்பியும் பயன்படுத்துவது ஆகியவை பெரும்பாலும் குணம் தரும். உறுமல் நிற்கவேண்டுமென்பதற்காக மூன்று பின் பிளக்கிலிருந்து எர்த் பின்னைக் கழற்றிவிடுவது மட்டும் கூடவே கூடாது; பாடகரின் உதடு உலோக மைக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், எர்த் இல்லாத கருவி உயிருக்கே ஆபத்தானது. கைப்பேசியை அறைக்கு வெளியே வைத்துவிட்டு, டேப்லெட்டின் அறிவிப்பு ஒலிகளையும் பதிவு முடியும்வரை அடக்கிவைக்க வேண்டும்.

கலவையை எங்கே செய்வது என்பதற்கு மிக்ஸரின் இனமே விடை சொல்லிவிடும். இரண்டு சேனல் மிக்ஸர் உள்ளவர், ட்ராக்குகள் எல்லாம் சேர்ந்தபின் மிக்ஸரின் பங்கைக் கேட்பதோடு நிறுத்திக்கொண்டு, கலவையைச் செயலிக்குள் செய்வதே தகும். பலசேனல் மிக்ஸர் உள்ளவர் குரலை ஒரு ஃபேடருக்கும், மிருதங்கத்தை ஒன்றுக்கும், தம்புராவை ஒன்றுக்குமாகத் தனித்தனியே திருப்பி வரவழைத்து, பாட்டு ஓட ஓட விரல்களால் ஏற்றி இறக்கிக் கலக்கலாம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தை எழுப்பிவிட்டு, பாடகர் மீண்டும் எடுக்கும் கணத்தில் அதை மெல்லத் தாழ்த்துவது போன்ற காரியங்களில், கண்ணாடியைத் தடவும் விரலைவிட ஃபேடரைப் பற்றிய விரலுக்கு நிதானம் அதிகம் என்பது என் திடமான நம்பிக்கை.

செயலி தன் திருகுகளின் நிலைகளையெல்லாம் பாட்டோடு சேர்த்துச் சேமித்துக்கொள்ளும். சாதாரண அனலாக் மிக்ஸருக்கு அந்த ஞாபகசக்தி இல்லை. இன்று பாதியில் நிறுத்திய பாட்டை அடுத்த வாரம் தொடரும்போது, கெயின் எங்கே நின்றது, பேன் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எந்தச் சுவிட்சு அழுந்தியிருந்தது என்பது தெரியாவிட்டால் குரலின் தன்மையே மாறிப்போகும். எழுந்து போவதற்கு முன் டேப்லெட்டின் கேமராவாலேயே மிக்ஸரின் முகத்தை, திருகுகளின் வெள்ளைக் கோடுகள் தெளிவாகத் தெரியும்படி, நேர் மேலிருந்து ஒரு படமும், பின்புறக் கம்பி இணைப்புகளை இன்னொரு படமுமாக எடுத்து, பாட்டின் கோப்பு உள்ள இடத்திலேயே அதே பெயரில் வைத்துவிட வேண்டும். எந்தச் சேனலில் எந்த மைக் என்பதையும், மைக்குக்கும் பாடகருக்கும் இருந்த தூரத்தையும் ஓரிரு வரியில் அதனுடன் குறித்துவைக்கலாம்.